மார்கரெட் தீவு ஓட்டத்தடம்: ஒரு சுற்று 5 கிலோமீட்டர்தானா?

ஏப்ரல் 6, 2024 – வாசகர் கேள்வி

மே மாதம் வேலை நிமித்தமாக புடாபெஸ்ட் போகிறேன். டான்யூப் ஆற்றின் நடுவில் இருக்கும் மார்கரெட் தீவைச் சுற்றி ரப்பர் தடம் உண்டாமே. ஒரு சுற்று 5 கி.மீ. என்கிறார் ஒருவர், 5.5 என்கிறார் இன்னொருவர். தட்டையான தடம், ஒரே வட்டம். போனோமா, ஓடினோமா, வந்தோமா என்று முடிந்துவிடும்தானே? இதில் தெரிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 6, இரவு

இருக்கிறது. முதலில் நீளம். பொதுவாகச் சொல்லப்படுவது 5,350 மீட்டர். 5 என்பவர் வாய்க்கு வசதியாகச் சொல்கிறார். 5.5 என்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்தக் கடிகாரம் ஏன் கூட்டிக் காட்டுகிறது என்பது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

தீவு வடக்குத் தெற்காக ஏறக்குறைய 2.5 கி.மீ. நீளம். அகலமான இடத்திலேயே 500 மீட்டர்தான். ஆகவே "வட்டம்" என்ற படத்தை மனத்திலிருந்து அழித்துவிடுங்கள். இரண்டு நீண்ட கரைகள், இரண்டு குறுகிய முனைகள், அவ்வளவுதான் வடிவம். கிழக்குக் கரைக்கு எதிரே நகரின் பெஷ்ட் பகுதி, மேற்குக் கரைக்கு எதிரே புடா பகுதி. தெற்கில் மார்கரெட் பாலம், வடக்கில் ஆர்பாட் பாலம். 4, 6 எண் டிராம்கள் தென்பாலத்தின் நடுவிலேயே நிற்கும். அங்கே இறங்கி, தீவுக்குள் கிளை பிரியும் பாலத்தில் நடந்தால் போதும். 1 எண் டிராம் வடபாலத்தில் போகிறது. தீவுக்குள் 26 எண் பேருந்து ஓடுகிறது.

பாலத்தை விட்டு இறங்கிய இடத்திலேயே ஓட ஆரம்பிக்காதீர்கள். சுற்றுலாக் கூட்டம், வாடகை மிதிவண்டி, நான்கு சக்கர மிதிவண்டியில் குடும்பத்தோடு வருபவர்கள் எல்லாரும் முதலில் திரள்வது அந்தத் தென்முனையில்தான். கரையோரமாக 300 அல்லது 400 மீட்டர் நடந்துபோய், கண்ணில் பளிச்சென்று படும் ஒரு விளக்குக்கம்பத்தையோ பெஞ்சையோ குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். அந்த நடையே உடம்பைச் சூடாக்கவும் உதவும்.

ஏப்ரல் 7

நீளத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியதற்குக் காரணம் கணக்கு. ஒரு சுற்றை 30 நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5.35 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 5:36. 5.5 என்று நம்பினால் 5:27. ஒன்பது விநாடி சும்மா கிடைத்த வேகம். அதை நம்பி ஒரு பந்தயத்துக்கு இலக்கு வைத்தால் பாதி வழியில் மூச்சு கணக்குக் கேட்கும்.

இரண்டு சுற்று 10.7 கி.மீ. நான்கு சுற்று 21.4, அதாவது அரை மாரத்தானைவிட 302 மீட்டர் அதிகம். எட்டுச் சுற்று ஓடினால் முழு மாரத்தானுக்கு மேல் 605 மீட்டர். அரை மாரத்தான் தூரத்தைச் சரியாக ஓட விரும்பினால், உங்கள் குறிக்கம்பத்திலிருந்து ஓடும் திசையில் 302 மீட்டர் தள்ளித் தொடங்கி, நான்காவது சுற்றின் முடிவில் கம்பத்தில் நில்லுங்கள். தூரத்தைத் தொடக்கத்தில் கழிப்பது நல்லது. கடைசியில் கழிக்கலாம் என்று விட்டால் களைத்த மூளை கூட்டல் கழித்தலில் ஏமாற்றும்.

ஏப்ரல் 9

"தடத்தின் வெளி ஓரத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு நூறு மீட்டர் கூடும், 5.5 வருவது அதனால்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடாது. உள்ளே வளையாமல் ஒரே பக்கமாக மூடும் எந்தச் சுற்றிலும் நீங்கள் எவ்வளவு தள்ளி ஓடுகிறீர்களோ அதை 2π-ஆல் பெருக்கினால் வருவதுதான் கூடுதல் தூரம். ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் 6.28 மீட்டர். ஒன்றரை மீட்டர் என்றால் 9.4. சுற்று 400 மீட்டரா, 5 கிலோமீட்டரா, பூமியைச் சுற்றியா என்பது பொருட்டே இல்லை. கரை அங்கங்கே உள்ளே குழிந்து போனாலும் விடை பெரிதாக மாறாது, ஏனென்றால் ஒரு வளைவில் கூடுவது எதிர்வளைவில் குறைந்துவிடும்.

தூரம் உண்மையிலேயே கூடுவது முந்தும்போதுதான். தடம் அகலம் குறைவு. இருவர் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக ஓடினால் மூன்றாமவர் இடம் தேட வேண்டும். அதற்காக ஒதுங்கி, மறுபடி உள்ளே வருவதில் ஒவ்வொரு முறையும் சேர்வது சில சென்டிமீட்டர். ஞாயிறு காலை நெரிசலில்கூட அது 150 மீட்டர் ஆகாது.

ஏப்ரல் 9, கொஞ்ச நேரம் கழித்து

பூமியைச் சுற்றி ஓடுவதற்குக் காலணி எது என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 14

இடஞ்சுழியா, வலஞ்சுழியா? இரு திசையிலும் ஆட்கள் ஓடுகிறார்கள். இதைக் காற்று முடிவு செய்யட்டும்.

புடாபெஸ்டில் அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. தீவோ வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கு நோக்கி ஓடும் கரையில் எதிர்காற்று, தெற்கு நோக்கி ஓடும் கரையில் பின்காற்று. மேற்குக் கரையில் ஆற்றைத் தாண்டி வரும் காற்று நேராக வந்து மோதும். கிழக்குக் கரையில் தீவின் மரங்களே மறைப்பு. ஆகவே வடமேற்குக் காற்று வலுத்த நாளில் இடஞ்சுழியாக ஓடுங்கள். கிழக்குக் கரையில் மரங்களின் மறைவில் வடக்கே ஏறி, திறந்த மேற்குக் கரையில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கலாம். வலஞ்சுழியில் ஓடினால் இதற்கு நேர்மாறு: திறந்த கரையில் எதிர்காற்று, பின்காற்று கிடைக்க வேண்டிய கரையிலோ மரங்கள் அதைத் தடுத்துவிடும்.

"போகும்போது இழப்பதை வரும்போது காற்று திருப்பிக் கொடுத்துவிடும்" என்பது மிதிவண்டிக்காரர்களும் ஓட்டக்காரர்களும் காலங்காலமாகச் சொல்லும் பொய். பின்காற்று திருப்பித் தருவது ஏறத்தாழப் பாதி. எதிர்காற்றில் கிலோமீட்டருக்கு 10 விநாடி போனால் பின்காற்றில் 5 வந்தால் சந்தோஷப்படுங்கள். எனவே காற்று நாளில் இரு கரைக்கும் ஒரே வேகத்தைப் பிடித்துத் தொங்காமல் மூச்சின் அளவை ஒன்றாக வையுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல்.

இடஞ்சுழியில் ஆறு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். ஹங்கேரியில் வண்டிகள் வலப்பக்கம் போவதால் தடத்திலும் வலமாக ஒதுங்கி, இடப்பக்கமாக முந்துங்கள்.

ஏப்ரல் 28

கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, காரணமில்லாத வறட்டு இருமல். வசந்தத்தில் தீவில் ஓடுபவர்கள் இதை மகரந்த ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு மாத்திரை போடுகிறார்கள். சிலருக்கு அதுவாகவும் இருக்கலாம். ஆனால் தீவின் பெருமையே வயதான பிளேன் (plane) மரங்கள், அகன்ற இலையுள்ள பெரிய நிழல்மரங்கள். அந்த மரத்தின் இளம் இலைகளிலும் பழைய உருண்டைக் காய்களிலும் நுண்ணிய மயிர் உண்டு. உலர்ந்த காற்று நாளில் அது உதிர்ந்து பறக்கும். இது ஒவ்வாமை அல்ல, நேரடி உரசல். ஒவ்வாமை மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. மழை பெய்து முடிந்த காலையில் ஓடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஓடி முடித்ததும் முகத்தைத் துடைக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். துடைத்தால் மயிர் கண்ணுக்குள் ஏறும்.

மே மாதம் போகிறவருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

மே 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: ஓடியாயிற்று, கடிகாரம் 5.48 காட்டியது, அப்படியானால் 5.35 எப்படிச் சரி?

ஜிபிஎஸ் கடிகாரம் நீங்கள் ஓடிய கோட்டை அளப்பதில்லை. விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் குத்திக்கொண்டே போய், புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துக் கூட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் இப்படியோ அப்படியோ தள்ளி விழும். நேரான பாதையில் இந்தத் தள்ளாட்டம் தூரத்தைக் கூட்டவே செய்யும். நேர்கோட்டைவிடக் குறைவான தூரம் கிடையாது அல்லவா? கூர்மையான திருப்பத்தில் மட்டும் கடிகாரம் மூலையை வெட்டி தூரத்தைக் குறைக்கும். இந்தத் தீவில் கூர்மையான திருப்பம் இரு முனைகளிலும்தான், மிச்சமெல்லாம் நீண்ட கரை. எனவே நிகர விளைவு கூடுதல். தலைக்கு மேல் அடர்ந்த இலை இருந்தால் பிழை இன்னும் பெருகும். குளிர்காலத்தில் இலையுதிர்ந்த பின் அதே கடிகாரம் சற்று நிதானப்படும்.

செய்யக்கூடியவை: ஓடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே வெட்டவெளியில் நின்று செயற்கைக்கோள்களைப் பிடிக்க விடுங்கள். பதிவை விநாடிக்கு ஒன்று என்று வையுங்கள், மின்கலத்தை மிச்சப்படுத்தும் முறை வேண்டாம். தானியங்கிச் சுற்றுப் பதிவை அணைத்துவிட்டு, குறிக்கம்பத்தைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள். நேரத்தை 5.35-ஆல் வகுத்தால் உங்கள் வேகம். திரையில் ஓடிக்கொண்டிருக்கும் வேக எண்ணைப் பார்ப்பதே வீண்.

காலணியில் மாட்டித் தூரம் அளக்கும் உணரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தீவு அளவுகோல் மாதிரி. ஒரு சுற்று ஓடுங்கள். உணரி 5.20 காட்டினால் 5.35-ஐ 5.20-ஆல் வகுத்து, வரும் 1.029-ஐத் திருத்த எண்ணாகப் போடுங்கள். அதை எப்போதும் ஓடும் சாதாரண வேகத்தில் எடுங்கள். வேகம் மாறினால் அடியின் நீளம் மாறும், எண்ணும் மாறும்.

ஜூன் 22

இந்த நாட்களில் அங்கே சூரியன் காலை 4:45 வாக்கில் உதித்து இரவு 8:45 வாக்கில் மறைகிறது. காலையில் கிழக்குக் கரை வெயில், மாலையில் மேற்குக் கரை வெயில். காலை ஓட்டக்காரர் கிழக்குக் கரையை முதலில் முடித்துவிட வேண்டும், அதாவது தெற்கிலிருந்து தொடங்கினால் இடஞ்சுழி. மாலை ஓட்டக்காரருக்கும் இடஞ்சுழியே வசதி: மேற்குக் கரைக்கு வருவதற்குள் சூரியன் புடா மலைகளை நோக்கி இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டுக்கும் ஒரே விடை வருவது தற்செயல்தான், இதில் தத்துவம் ஒன்றுமில்லை. காற்று தெற்கிலிருந்து வீசினால் ஏப்ரல் 14 குறிப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சுற்றுக்குத் தண்ணீர் கையில் தேவையில்லை. இரண்டுக்கு மேல் போனால், வெயில் நாளில் மணிக்கு 400 முதல் 600 மில்லி வரை, சிறு சிறு மிடறாக. தீவில் குடிநீர்க் குழாய்கள் உண்டு. குழாயடியில் நிற்கும் நேரத்தையும் சுற்று நேரத்தில் சேர்த்தே எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு சாதனை சொல்லாதீர்கள்.

கோடை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். புடா மலைகள் மறைப்பதால் மேகம் தெரியும்போது நேரம் குறைவாகவே இருக்கும். நீர்மட்டத்தில், உயர்ந்த மரங்களுக்கு நடுவே இருக்கிறீர்கள். முதல் இடி கேட்டதும் சுற்றை முடிக்கும் ஆசையை விட்டுவிட்டு அருகிலுள்ள கட்டடத்துக்குள் போங்கள். தீவு குறுக்கே 500 மீட்டர்தான் என்பது இங்கேதான் உதவும்.

அந்தி நேரத்துக் கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு, மரம், கோடை.

ஜூலை 13

"ரப்பர் தடம் என்பதால் முட்டி வலி வராது" என்ற கருத்துக்கு மூன்று பேர் கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தடம் என்பது ரப்பர்த் துகள்களைப் பாலியூரித்தேன் பசையால் பிணைத்த படலம். கீழே கெட்டியான அடித்தளம். மென்மையான தளத்தில் கால் தன் விறைப்பைத் தானே கூட்டிக்கொள்ளும். அதனால் உடம்பு உணரும் மொத்த அதிர்வு நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. முட்டிக்குக் கொஞ்சம் சுகம் கிடைத்தாலும் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் வேலை கூடலாம். தார்ச்சாலையிலேயே ஓடிப் பழகியவர் முதல் நாளே நான்கு சுற்று போட்டால் மறுநாள் படியிறங்கும்போது கெண்டைக்கால் அதை நினைவுபடுத்தும். முதல் வாரம் ஒன்று அல்லது இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள்.

காலணி: தடிமனான பஞ்சு அடியோடு ரப்பர் தடமும் சேர்ந்தால் கணுக்கால் ஆடும். இங்கே மெலிந்த, சற்றுக் கெட்டியான அடிதான் பொருத்தம். ஆணிக் காலணி கூடவே கூடாது, தடத்தைக் கிழிக்கும். பந்தயம் சாலையில் என்றால் மூன்று நான்கு ஓட்டத்துக்கு ஒன்றையாவது தார்ச்சாலையில் ஓடுங்கள்.

ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெயில் பட்ட பகுதி காலப்போக்கில் இறுகும். மரவேர் கீழிருந்து தூக்கும். படலத்தின் இணைப்புகள் வாய் திறக்கும். தடுக்கி விழுவது பெரும்பாலும் களைப்பில் காலைப் போதிய உயரம் தூக்காத கடைசிக் கிலோமீட்டரில்தான். முதல் சுற்றை மெதுவாக ஓடி, இப்படிப்பட்ட இடங்களைக் கண்ணால் பதிந்துகொள்ளுங்கள்.

ஜூலை 14

தொடர்ச்சியாக வந்த கேள்வி: எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் ஒரு கால் மட்டும் தேயாதா?

400 மீட்டர் மைதானத்தில் 5.35 கி.மீ. ஓடினால் 13 முறைக்கு மேல் முழுத் திருப்பம் எடுக்கிறீர்கள். இங்கே அதே தூரத்துக்கு ஒரே ஒரு முழுத் திருப்பம். வளைவால் வரும் பாரபட்சம் கணக்கில் எடுக்கத் தக்கதல்ல. கவனிக்க வேண்டியது குறுக்குச் சரிவு. மழைநீர் வடியத் தளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தாழ்ந்த பக்கக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இடுப்பின் வெளிப்பக்கத்தில் ஒரே பக்கமாக வலி வந்தால் அடுத்த வாரம் திசையை மாற்றிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 3

சுற்று முடித்து நீந்தலாமா என்று கேட்டதற்கு: தீவிலேயே பாலட்டினஸ் திறந்தவெளிக் குளியல் வளாகம் உண்டு. ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் பெயரிலான நீச்சல் வளாகமும் உண்டு. ஹாயோஷ் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் இரண்டு தங்கம் வென்றவர், பிறகு கட்டடக் கலைஞரானார். 1930-இல் திறந்த அந்த நீச்சல் மண்டபத்தை வடிவமைத்தவரும் அவரே. தன் பெயர் தாங்கும் குளத்தைத் தானே வரைந்த நீச்சல்காரர். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். நீரோட்டம் வலுவானது, கப்பல் போக்குவரத்தும் உண்டு.

கிழக்குப் பக்கமாகத் தெரியும் கற்சிதைவுகள் டொமினிக்கன் கன்னிமடத்துடையவை. 13-ஆம் நூற்றாண்டில் நான்காம் பேலா மன்னரின் மகள் மார்கரெட் அங்கே வாழ்ந்தார், தீவின் பெயர் அவருடையது. அதற்கு முன் முயல் தீவு. தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம், ஆனால் மெதுஓட்ட நாளில் பார்க்க ஏதாவது வேண்டுமே. உள்ளே இருக்கும் 57 மீட்டர் நீர்க்கோபுரம் 1911-இல் கட்டியது.

அக்டோபர் 12

செப்டம்பரில் வெள்ளத்தால் தீவுக்குள் யாரையும் விடாமல் மூடியதைப் பார்த்திருப்பீர்கள். புடாபெஸ்ட் அளவுகோலில் நீர்மட்டம் 830 செ.மீ. அருகே போனது. 2013 ஜூனில் தொட்ட 891 செ.மீ. இன்னும் உச்சமாக நிற்கிறது. அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல, ஒரு நிலையான சுழியத்திலிருந்து அளப்பது. பயணத்துக்கு முன் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். தடம் கரையை ஒட்டிப் போவதால் முதலில் நனைவது அதுதான்.

வெள்ளம் வடிந்ததும் ஓடிவிட முடியாது. வண்டல் காய்ந்தால் மெல்லிய தூசிப் படலம், ஈரமானால் வழுக்கும் சேறு. இரண்டுமே ரப்பரின் பிடிப்பைக் கெடுக்கும். நீர் அடித்தளத்தை அரித்த இடத்தில் படலம் மேலே நன்றாகத் தெரிந்தாலும் மிதித்தால் உள்ளே அமுங்கும். அமுங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் ஓடுவது கணுக்காலைச் சூதாட்டத்தில் வைப்பது.

நவம்பர் 9

ஈர இலை. தனி ரப்பர் மழையில் நன்றாகவே பிடிக்கும், இலை ஒட்டிய ரப்பர் பிடிக்காது. காலடியை உடம்புக்கு முன்னே நீட்டாமல் நேர் கீழே வையுங்கள், அடியைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இலைக்கு அடியில் உருண்டைக் காய்கள் ஒளிந்திருக்கும், அவை இலையைவிட மோசம்.

டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடித்து ஓடுபவர் எல்லாருமே இருட்டில் ஓடுபவர்தான். நெற்றி விளக்கு வேண்டும். எதிரே ஆள் வரும்போது வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்துங்கள். இடுப்பில் கட்டும் விளக்கு இன்னும் நல்லது: பள்ளம் மேடுகளின் நிழல் நீளமாக விழும், வேர் தூக்கிய இடம் தெளிவாகத் தெரியும்.

ஜனவரி 18, 2025

உறைபனிக் காலத்தில் நீர் ரப்பரின் துளைகளுக்குள் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, அருகிலுள்ள தார்ப்பாதை அதே நேரம் ஓடத் தக்கதாக இருக்கிறது என்று எழுதியவர் சொல்வது சரி. அப்படிப்பட்ட காலையில் தடத்தை விட்டு உள்பாதைக்குப் போங்கள். தூரம் 5.35 இருக்காது, நேரத்தை வைத்து ஓடுங்கள்.

நகரின் பொதுக் குடிநீர்க் குழாய்களைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஜூன் குறிப்பை நம்பி வெறுங்கையோடு நான்கு சுற்றுக்குக் கிளம்ப வேண்டாம்.

வியர்த்த உடம்போடு பாலத்தின் மேல் டிராமுக்குக் காத்திருப்பதுதான் குளிரில் செய்யக்கூடிய மோசமான காரியம். அங்கே காற்றுக்கு மறைப்பே இல்லை. உலர்ந்த மேற்சட்டை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது தீவுக்குள்ளேயே நிறுத்தத்தில் நின்று 26-ஐப் பிடியுங்கள். பயணச்சீட்டை ஈரம் புகாத உறையில் வைத்திருங்கள், பரிசோதகர் நனைந்த காகிதத்தைப் படிக்க முயல மாட்டார்.